இரண்டாம் தடவை வருகிறவர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு, ஒரே விடயத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக மெட்டமைத்து, திரைப்படத்தையோ பெரிய நிறுவனத்தையோ அண்டாமல் ஒரு ரொக் இசைக்குழு எழுந்து நிற்க முடியுமா என்பதுதான் அது. ஆகவே மற்றைய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் இவற்றுக்கே ஒதுக்குகிறேன். முதற்கடிதம் நீளமானது, அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஐயா, நாங்கள் நான்கு பேர். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்தே சேர்ந்து வாசிக்கிறோம். மூன்று வருடங்களாகத் திருமண வரவேற்புகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் சினிமாப் பாடல்களை வாசித்து வருகிறோம். எங்களிடம் சொந்தமாக ஆறு தமிழ்ப் பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் விழாவில் அவற்றில் ஒன்றைத் தொடங்கினாலே சனம் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுகிறது. போன மாதம் மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்து நிறுத்தச் சொன்னார். சினிமாவின் துணையில்லாமல் பெயர் பெற்ற குழுக்கள் எப்படி வளர்ந்தன? அதற்கு எத்தனை வருடங்கள் பிடித்தன? நாங்கள் தொடர்வதா, விடுவதா?
— ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

விடாதீர்கள், தம்பி. ஆனால் அந்த ஆறு பாட்டுகளையும் திருமண வீட்டில் வாசிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். திருமணத்துக்கு வருகிறவர் மணமக்களை வாழ்த்தவும், நெடுநாள் காணாத உறவினரோடு கதைக்கவும் வருகிறார். தெரிந்த பாட்டு காதில் விழுந்தால் மகிழ்வார். தெரியாத பாட்டுக்குச் செவிகொடுக்க அவர் அங்கே வரவில்லை. அந்த மாமாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருமண வருமானம் உங்கள் கிற்றார்த் தந்திகளுக்கும் வான் கூலிக்கும் உதவட்டும். சொந்தப் பாட்டுகளுக்கு வேறோர் அறையைத் தேடுங்கள்.

எத்தனை வருடம் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. அங்கே நான்கு இளைஞர்கள், 1980 ஏப்ரல் 5ஆம் திகதி, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் நடந்த தோழியொருத்தியின் பிறந்தநாள் விருந்தில் முதன்முதலாக வாசித்தார்கள். அந்தக் குழுதான் பின்னர் ஆர்.ஈ.எம். என்று உலகம் அறிந்த குழு. அன்றிரவு அவர்களும் உங்களைப்போலப் பிறர் பாட்டுகளை நிறைய வாசித்தார்கள். இடையிடையே தம்முடையதையும் கலந்தார்கள். அடுத்த ஆண்டு, ஒலிப்பதிவாளர் ஒருவர் தம் பெற்றோர் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் நடத்திவந்த சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் தமது முதற்பாட்டைப் பதிந்தார்கள். சிறிய நிறுவனமொன்று அதை முதலில் ஆயிரம் பிரதிகள்தான் இசைத்தட்டாக அடித்தது. அந்த ஆயிரத்தில் ஒன்று நியூயோர்க் டைம்ஸ் விமர்சகரின் கைக்குப் போய்ச்சேர, ஆண்டின் சிறந்த பத்துத் தனிப்பாட்டுகளுள் ஒன்றாக அது அங்கே இடம்பெற்றது. ஆனாலும் அவர்களுடைய பாட்டொன்று அமெரிக்காவின் முதற்பத்து வரிசைக்குள் நுழைந்தது 1987இல்தான். அந்தத் தேவாலயத்து இரவுக்கும் இதற்கும் இடையே ஏழு வருடங்கள். உலகப் புகழைத் தந்த இசைத்தொகுப்பு வெளிவர மேலும் நான்கு வருடங்கள்.

நமக்குக் கிட்டிய உதாரணம் டில்லியில் இருக்கிறது. சுஷ்மித் சென், அஷீம் சக்கரவர்த்தி ஆகியோர் 1990இல் தொடங்கிய இந்தியன் ஓஷன் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1993இல் வெளிவந்தது. இரண்டாவதை அவர்கள் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போய்ச் செய்யவில்லை. கொல்லப்பட்ட நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மியின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் கூட்டத்தில், 1997 ஜனவரி முதலாம் திகதி அவர்கள் வாசித்தது அப்படியே பதிவாகி இசைத்தொகுப்பாக வந்தது. நாடறிந்த பெயரை அவர்களுக்குக் கொடுத்தது 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாவது தொகுப்பு. அங்கேயும் பத்து வருடக் கணக்குத்தான்.

நம் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்மாட்டா என்ற மெட்டல் இசைக்குழுவைக் கொழும்பில் பள்ளி நண்பர்கள் 1999இல் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு 2003இல் வந்தது. பின்னர் 2006, 2010, 2015 என்று அடுத்தவை வந்தன. அவர்கள் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள், நீங்கள் தமிழில் பாட விரும்புகிறீர்கள் என்ற வேறுபாடு இருந்தாலும், மூன்று வருடத்தில் சோர்ந்துபோவது முறையா என்பதை அந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வருடங்களைக் காத்திருந்த காலமாக எண்ணிவிடக் கூடாது. ஆர்.ஈ.எம். குழுவினர் அந்த ஏழு வருடங்களில் பெரும்பகுதியை ஒரு பழைய வான் வண்டியில், ஊர் ஊராகப் போய், மதுச்சாலைகளிலும் சிறிய கூடங்களிலும் வாசிப்பதில் கழித்தார்கள். முதல் முறை இருபது பேர் நின்று கேட்ட ஊருக்கு மறுபடியும் போனார்கள். அந்த மறுபயணத்தில்தான் விடயமே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதிதாக ஒரு குழு மேடையேறினால் நண்பர்கள் வருவார்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள் வருவார்கள், அவர்கள் அழைத்துவந்தவர்களும் வருவார்கள். அந்தக் கூட்டத்தைக் கொண்டு எதையும் அளவிட முடியாது. உங்களுக்கு உறவோ நட்போ இல்லாத ஒருவர், தன் பணத்தையும் ஒரு மாலைப்பொழுதையும் செலவழித்து, இரண்டாம் தடவையாக வந்து உட்காருகிறாரா என்று பாருங்கள். அவர்களை மட்டும் எண்ணுங்கள்.

இதை நான் படித்து அறிந்துகொள்ளவில்லை. 1990களின் நடுப்பகுதியில், நான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் நானும், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிற்றார் வாசித்தேன். வெள்ளவத்தையில், கடற்கரையோரம் போகும் ரயில் பாதைக்கு அருகே, ஒரு வீட்டின் பின்னறை எங்களுக்கு ஒத்திகைக்குக் கிடைத்தது. சுவர்களில் பழைய பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து, ட்ரம்ஸின் பெரிய முரசுக்குள் ஒரு போர்வையைத் திணித்து வாசிப்போம். ரயில் வரும்போது தரை அதிரும். அது கடந்து போகும்வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எடுப்போம். கறுப்புப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதியில் நடக்கிற தமிழ் இளைஞனை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மறித்த காலம் அது. பெட்டியைத் திறந்து காட்டி, சில வேளைகளில் அங்கேயே இரண்டு வரி வாசித்துக் காட்டியபின்தான் போக விடுவார்கள். ஒத்திகைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வீட்டைவிட்டுப் புறப்படும் பழக்கம் எங்கள் நால்வருக்கும் அப்படித்தான் வந்தது.

எங்கள் முதல் நிகழ்ச்சிக்கு இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களில் யாருக்கும் தெரியாதவர். ரயில்வேயில் வேலை பார்த்த நடுத்தர வயதுக்காரர் என்று பிறகு அறிந்தோம். இரண்டு மாதம் கழித்து நாங்கள் மறுபடியும் வாசித்தபோது, தம் மகளையும் கூட்டிக்கொண்டு அவர் வந்தார். இடைவேளையில் என்னிடம் வந்து, “தம்பி, அந்த மழைப் பாட்டை இன்றைக்கும் பாடுவீர்களா?” என்று கேட்டார். அப்படியொரு பெயரில் எங்களிடம் பாட்டே இருக்கவில்லை. அவர் எதைச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. ஒரு பாட்டின் இரண்டாம் அடியில் மழை என்ற சொல் ஒரே ஒரு தடவை வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் நினைவில் வைத்திருந்திருக்கிறார். அன்றிலிருந்து நாங்களும் அதை மழைப் பாட்டு என்றே அழைத்தோம். பின்னாளில் எங்களுக்குக் கிடைத்த எந்தக் கைதட்டலும் அந்தக் கேள்விக்கு ஈடாகவில்லை.

ஆகவே ஐம்பது பேர் உட்காரக்கூடிய ஓர் இடத்தைத் தேடுங்கள். பள்ளி மண்டபமாக இருக்கலாம், தேவாலயத்தின் பின்கூடமாக இருக்கலாம், மாலையில் ஆள் குறைந்த ஒரு சிற்றுண்டிச்சாலையாகவும் இருக்கலாம். லயனல் வென்ட் போன்ற அரங்கின் மேல் இப்போதைக்குக் கண்வைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான ஆசனங்களுக்கு நடுவே அறுபது பேர் உட்கார்ந்திருந்தால், வந்தவருக்கும் கூச்சமாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதே இடத்தில், ஒரு மணித்தியாலம் வாசியுங்கள். ஆறு பாட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் போதாது என்பது உங்களுக்கே தெரியவரும். ஏழாவது பாட்டும் எட்டாவது பாட்டும் அந்த நெருக்கடியில்தான் பிறக்கும்.

நான் பாடுகிறேன், என் அண்ணாவும் அவருடைய நண்பர்களும் வாசிக்கிறார்கள். தமிழில் ரொக் பாடினால் சொல் விளங்காமல் போகிறது, ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ் உண்மையிலேயே இந்த இசைக்குப் பொருந்தாதா? இன்னொன்று: ஒத்திகை முடிய இரவு பத்தரை ஆகிறது என்று அம்மா கவலைப்படுகிறார்.
— ஒரு மாணவி, வெள்ளவத்தை

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், தங்கச்சி. அம்மா சொல்வது சரி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கக் கூடாது என்பது, சில விதிவிலக்குகளோடு, 2007இல் நம் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை. உங்கள் ஒத்திகைக்கு அந்தக் கட்டளை பொருந்துமா என்று ஆராய்வதை விட, அயல்வீட்டுக் குழந்தையின் தூக்கத்தை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசியுங்கள். களைத்த காதை விடப் புதிய காது நன்றாகக் கேட்கும்.

தமிழ் பொருந்தாது என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்கிறவர்களின் காதில் விழுந்த குறை உண்மையானது. அதன் காரணத்தைத்தான் அவர்கள் பிழையாகச் சொல்கிறார்கள். நம் மொழியில் உயிரெழுத்தின் நீளம் பொருளையே மாற்றிவிடும். ‘மலை’ என்ற சொல்லின் முதலெழுத்தை மெட்டு இழுத்துவிட்டால் கேட்பவர் காதில் ‘மாலை’ விழுகிறது; ‘படம்’ ‘பாடம்’ ஆகிறது; ‘கல்’ ‘கால்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள், மெட்டை முதலில் அந்த ஓசைக்கேற்பப் போட்டுவிட்டு, பிறகு தமிழ்ச் சொற்களை அதற்குள் திணிக்கிறார்கள். குறில் வரவேண்டிய இடத்தில் நீண்ட சுரமும், நெடில் வரவேண்டிய இடத்தில் ஒரு நொடித்துளியும் அமைந்துவிட, கேட்பவர் சொல்லைத் தொலைத்துவிடுகிறார்.

இதற்கு வழி, சொல்லிலிருந்து தொடங்குவது. அண்ணாவின் நண்பரை ட்ரம்ஸில் வெறும் நான்கு எண்ணிக்கையைத் தட்டச் சொல்லுங்கள். அதன்மேல் உங்கள் வரியை மெட்டில்லாமல், வீட்டில் கதைப்பதுபோலச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் எண்ணிக்கையிலும் நான்காம் எண்ணிக்கையிலும் ஸ்னெயர் முரசு அடி விழும். ‘பட்டணம்’, ‘தட்டு’, ‘வெட்டு’, ‘நெருப்பு’ போன்ற சொற்களின் இரட்டித்த வல்லினம் அந்த அடியின்மேல் வந்து உட்காரும்போது, அந்த இடத்தில் தமிழுக்கு இருக்கிற உரத்தை நீங்களே உணர்வீர்கள். நீண்ட சுரம் வேண்டிய இடத்தில் நெடிலில் முடியும் சொல்லை வையுங்கள். நம் மொழியில் ஒருவரை விளிக்கும்போது இயல்பாகவே ஏகாரமும் ஓகாரமும் நீள்கின்றன. பாட்டில் நீட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

‘சின்ன மாமியே’ என்று நித்தி கனகரத்தினம் பாடியது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்றும் மனப்பாடமாக இருப்பதற்கு, அந்த விளியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏ. ஈ. மனோகரனும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து வளர்த்த ஈழத்துப் பொப்பிசையை உங்கள் குழுவில் எல்லோரும் ஒரு தடவை உட்கார்ந்து கேட்க வேண்டும். பைலாவின் ஆறெட்டுத் தாளத்தை எடுத்து, அதன்மேல் நம் வீதிப் பேச்சை வைத்து, தமிழ்நாட்டுச் சினிமாவின் நிழல் விழாத ஒரு பாட்டு இங்கே இருக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தப் பாட்டுகளை ஒலிபரப்ப அன்று வானொலி இருந்தது என்பது உண்மை. அதே வானொலியில் நூறு சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அவை தனித்துக் கேட்டதற்குக் காரணம், அவற்றில் இருந்த நம் ஊர்க் குரல்.

சென்னையில் 2017இல் உருவாகி, 2018 ஜனவரி 6ஆம் திகதி முதல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவையும் கேட்டுப் பாருங்கள். கானாவையும் ராப்பையும் ரொக்கையும் பறையோடு சேர்த்து, தங்கள் பேட்டைத் தமிழிலேயே அவர்கள் பாடினார்கள். அந்தத் தமிழை நீங்கள் பின்பற்றத் தேவையில்லை. அவர்கள் தமக்குச் செய்ததை வெள்ளவத்தைத் தமிழுக்கு நீங்கள் செய்யலாம். காலிவீதியில் பஸ் நடத்துநர் ஆட்களைக் கூப்பிடுகிற ஓசையைக் கேட்டிருப்பீர்கள். தாளம் தவறாமல், மூச்சு விடாமல், மூன்று மொழிகளையும் கலந்து அவர் கூப்பிடுவதில் ஒரு பாட்டுக்கான விதை கிடக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

எங்கள் பாடகர்தான் வரிகளை எழுதுகிறார். கிற்றார் வாசிப்பவர் மெட்டுப் போடுகிறார். நான் ட்ரம்ஸ். பாட்டு யாருக்குச் சொந்தம்? பதிவு செய்ய வேண்டுமா? இதைக் கேட்டால் நண்பர்கள் மனம் நோகுமோ என்று தயங்குகிறேன்.
— ஒரு வாசகர், தெஹிவளை

தயங்காமல் இந்த வாரமே கேளுங்கள். இன்று பாட்டில் பணம் இல்லாதபோது பேசினால் மனம் நோகாது. பணம் வந்தபின் பேசினால் குழுவே உடையும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டை ஆக்கிய கணத்திலேயே பதிப்புரிமை ஆக்கியவருக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பதிவு தேவையில்லை. ஆக்கியவரின் வாழ்நாளும் அவர் இறந்தபின் 70 வருடங்களும் அது நீடிக்கும். ஒருவருக்கு மேற்பட்டோர் சேர்ந்து ஆக்கியிருந்தால், அவர்களில் கடைசியாக இறப்பவரிலிருந்து அந்த 70 வருடங்களும் கணக்கிடப்படும். பாட்டை வாசித்தவருக்கும் தன் வாசிப்பின்மேல் தனியான உரிமைகள் அதே சட்டத்தில் இருக்கின்றன. எனவே யார் யார் ஆக்கியோர் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குச் சட்டப்புத்தகத்தில் விடை இராது, உங்கள் ஒத்திகை அறையில்தான் இருக்கும். அந்தப் பாட்டின் நடுவே எல்லாம் நின்று உங்கள் முரசு மட்டும் ஒலிக்கிற இடத்தை நீங்கள்தான் யோசித்துச் சொன்னீர்கள் என்றால், அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

ஆர்.ஈ.எம். குழுவினர் இதை ஒரே முடிவில் தீர்த்தார்கள். வரியை யார் எழுதினாலும், மெட்டு யார் கையில் பிறந்தாலும், பாட்டை ஆக்கியவர்கள் என்று நால்வர் பெயரையுமே போட்டார்கள். வருவாயையும் சமமாகப் பிரித்தார்கள். 1997இல் ட்ரம்ஸ் வாசித்தவர் தம் விருப்பத்தின்பேரில் விலகியபோதும் மற்ற மூவரும் அவரோடு நட்பாகவே இருந்தார்கள், 2011இல் குழுவைக் கலைத்தபோதும் பகையில்லாமலே பிரிந்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் அவர்கள் சேர்ந்திருந்ததற்கு அந்தப் பங்கீடு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

எங்கள் குழுவில் இந்தப் பேச்சை நாங்கள் பேசவில்லை. பேசாமல் விட்டதால் நேர்ந்ததைச் சொல்கிறேன். ஐந்து பாட்டுகளை ஒருவரிடம் கொடுத்துப் பதிந்தோம். மூலநாடா அவரிடமே இருக்கட்டும் என்று வாய்ப்பேச்சில் விட்டோம். பிறகு பாட்டு யாருடையது என்று எங்களுக்குள்ளே வாக்குவாதம் வந்தபோது, இருவர் தனித்தனியாக அவரிடம் போய் நாடாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் எவருக்கும் கொடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது அதன்மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டதாகச் சொன்னார். மழைப் பாட்டு அந்த நாடாவோடு போயிற்று. எங்களிடம் ஒரு தாளில் நான்கு கையெழுத்து இருந்திருந்தால், யாராவது ஒருவர் உரிமையோடு போய் அதை வாங்கி வந்திருப்போம். உங்கள் தாளில் மூன்று விடயங்கள் இருந்தால் போதும்: ஒவ்வொரு பாட்டிலும் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, பதிவின் மூலக்கோப்பு யார் யாரிடம் இருக்கும், ஒருவர் விலகினால் அவருடைய பங்கு என்னாகும். மூலக்கோப்பின் பிரதி நால்வர் கையிலும் இருக்கட்டும்.

நல்ல ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிய எங்களிடம் வசதியில்லை. கடன் வாங்கலாமா?
— ஒரு வாசகர், மருதானை

வாங்காதீர்கள். மேலே சொன்ன குழுக்களில் இரண்டை நினைத்துப் பாருங்கள்: ஆர்.ஈ.எம். முதலில் பதிந்தது மோட்டார்க் கொட்டகையில், இந்தியன் ஓஷன் தம் இரண்டாம் தொகுப்பைப் பதிந்தது கூட்டம் கேட்டுக்கொண்டிருந்த மேடையில். ஒவ்வொரு ஒத்திகையையும் கைத்தொலைபேசியில் பதிந்து, மறுநாள் காலையில் நால்வரும் தனித்தனியாகக் கேளுங்கள். வாசிக்கும்போது தெரியாத பிழை அப்போது தெரியும். அநேகமாக, வேகம் கூடிக்கொண்டே போயிருக்கும். பாட்டு, பாதியில் நின்றாலும் நால்வரும் ஒரே கணத்தில் நிற்கக்கூடிய அளவுக்குப் பழகியபின், ஒரேயொரு பாட்டை மட்டும் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே கழியும் மணித்தியாலங்களுக்குத்தான் பணம். ஆயத்தமாகப் போகிறவருக்கு அரைநாள் போதும்.

இந்தியன் ஓஷன் குழுவினர் இருபது வருடப் பெயர் சம்பாதித்தபின், 2010இல், தங்கள் புதிய பாட்டுகளை மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தத் தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர், டில்லி கரோல்பாக்கில் தாங்கள் ஒத்திகை பார்த்துவந்த பழைய வீட்டின் முகவரி. அதன் பதிவில் பாடிய அஷீம் சக்கரவர்த்தி, அது வெளிவருவதற்கு முன்னரே, 2009 டிசம்பரில் காலமாகிவிட்டார். ஒத்திகை வீட்டுக்கு ஒரு குழு இதைவிடப் பெரிய மரியாதை செய்திருக்க முடியாது.

எங்கள் குழுவுக்குப் பெயர் வைப்பதில் நான்கு மாதமாக இழுபறி. ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பெயரை நான் தரமாட்டேன், மகள்; அது உங்களுடையதாக இருக்க வேண்டும். அகராதியைக் கண்டபடி திறந்து, அகப்பட்டதை எடுத்த குழுதான் ஆர்.ஈ.எம். ஒரு தடவை கேட்டவர் மறுநாள் இன்னொருவரிடம் தடுமாறாமல் சொல்லக்கூடிய பெயராக இருந்தால் போதும். அடுத்த ஒத்திகைக்குள் முடித்துவிடுங்கள்.

என் மகனுக்கு இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நாலைந்து பிள்ளைகளோடு சேர்ந்து இந்த ரொக் இசை என்று வார இறுதி முழுவதும் போய்விடுகிறான். படிப்புக் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கண்டிக்கவா, விட்டுவிடவா என்று தெரியவில்லை. நீங்களும் அந்த வழியால் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.
— ஒரு தந்தை, கொழும்பு 13

ஐயா, உங்கள் கடிதத்தில் கோபம் இல்லை. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். போரையும் இடப்பெயர்வையும் கண்ட நம் தலைமுறைக்குப் பிள்ளையின் படிப்பு என்பது வெறும் பட்டம் அல்ல. கையில் வேறொன்றும் எஞ்சாதபோதும் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரே சொத்து அதுதான். மகனுக்கு இதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று தெரியாது. இல்லையென்றால், கண்டிப்பாக இல்லாமல், உங்கள் கதையாகச் சொல்லுங்கள்.

படிப்பும் இசையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியாது என்ற எண்ணத்துக்கு மட்டும் ஒரு மறுமொழி சொல்கிறேன். இந்தியன் ஓஷன் குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கும் ராகுல் ராம், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சூழல் நச்சியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நர்மதை அணைக்கு எதிரான மக்கள் இயக்கத்திலும் பங்கெடுத்தவர். அந்த நதிக்கரை மக்களின் பாட்டொன்று அவருடைய குழுவின் மேடைக்கு வந்தது அந்தத் தொடர்பால்தான். படித்த படிப்பு அவருடைய பாட்டுக்கு எங்கோ ஓரிடத்தில் உதவத்தான் செய்திருக்கிறது. ஆர்.ஈ.எம். குழுவினர் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே பட்டத்தை முடிக்கும்படி மகனிடம் நானும் கேட்கிறேன். இன்னும் இரண்டு வருடங்கள்தானே! அதற்குள் ஒரு குழு பெயர் பெற்றுவிடாது என்பதை மேலே உள்ள கணக்குகள் அவருக்கே சொல்லும். சனிக்கிழமை இசைக்கு, ஞாயிற்றுக்கிழமை படிப்புக்கு என்று உங்களுக்குள் பேசி வகுத்துக்கொள்ளலாம்.

என் அப்பா எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரேயொரு தடவை வந்தார். உட்காரவில்லை, பின் கதவோரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நெடுநேரம் பேசாமல் வந்துவிட்டு, பொரளையைத் தாண்டியபின், “அந்த அடித்தொண்டைச் சத்தம் போல ஒன்று கேட்டதே, அதுவா உன்னுடையது?” என்று கேட்டார். பேஸ் கிற்றாரைத் தெரியாத ஒருவர் அத்தனை சத்தத்துக்கு நடுவே அதைப் பிரித்துக் கேட்டிருக்கிறார் என்றால், அந்த ஒரு மணித்தியாலமும் அவர் என்னைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். “ஓம் அப்பா” என்றேன். அதன்பிறகு சோதனைச் சாவடிகளைக் கடந்து நான் வீட்டுக்கு வந்து சேரும்வரை முன்வாசல் விளக்கை அவர் அணைத்ததில்லை.

உங்கள் மகனின் குழு எங்கே ஒத்திகை பார்க்கிறது என்று கேளுங்கள். சொல்லிவிட்டே போங்கள், ஒரு பாட்டு முழுவதையும் நின்று கேளுங்கள், அதில் அவருடைய ஓசை எது என்று திரும்பி வரும்போது கேளுங்கள்.